இறக்கையில் வெள்ளைக் கோடு உண்டா?

ஸ்டர்ஜன் பாயின்ட், மிச்சிகன்
ஜனவரி 4, 1987

திருமதி வினிஃப்ரெட் ட்ரெம்பத் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வரவில்லை. நமக்குள் பேச்சு நின்று ஐந்து வருடம் ஆகிறது, அது அப்படியே நிற்கட்டும். நீங்கள் அரிசோனாவில் மகள் வீட்டில் இருப்பதும் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததும் தேவாலயத்தில் காதில் விழுந்தது. சீக்கிரம் குணமாகட்டும். இது வேறு விஷயம்.

எனக்கு ஒரு பறவையைப் பற்றித் தீர்ப்பு வேண்டும். இந்த ஊரில் மாநிலப் பறவைப் பதிவுக் குழுவில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். வேறு போக்கிடம் இருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு அன்று எப்போதும்போல என் கொல்லைப்புறத்துக்கு நான் பொறுப்பு. பறவைகளுக்காகத் தொங்கவிட்ட கொழுப்புக் கூண்டில் டவுனி, ஹேரி மரங்கொத்திகள் வந்து போய்க்கொண்டிருந்தன. விறகு எடுக்கப் போன என் வீட்டுக்காரர் ஆர்வோ கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "ஏய் ஐலி, உன் பைன் மரத்துல எவனோ வரிசையா ஓட்டை போடுறான். வந்து பாரு." அது அந்தப் பழைய ஸ்காட்ச் பைன்தான். பிசின் வண்டிமேல் சொட்டுகிறது, வெட்டிவிடுகிறேன் என்று வருடாவருடம் அவர் கோடாரியைத் தீட்டுவாரே, அதே மரம். வரிசையாக ஓட்டை போடுவது சாறுறிஞ்சி மரங்கொத்தியைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனால் சாறுறிஞ்சிகள் பனி விழும் முன்பே தெற்கே போய்விடும். டிசம்பரில் இங்கே அதற்கு என்ன வேலை? அதுவும் இது பழுப்பு நிறமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த எதைப்போலவும் இல்லை.

நீங்கள் வகுத்த விதிப்படி, பறவைப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே பார்த்ததை எழுதி வைத்தேன். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றுவரை புத்தகத்தைத் திறக்கவில்லை.

பறவைச் சங்கத் தலைவர் க்ளேட்டன் ராஸ்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என்ன ஐலி, மறுபடியும் மூணு விரலா? இந்தத் தடவையாவது விரல எண்ணிட்டியா?" என்றார். சிரித்தார். கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னார். ஐந்து வருடம் முன்பு தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்த ஒன்றை நான் மூன்று விரல் மரங்கொத்தி என்று சொன்னதும், அதைப் பார்க்கச் சிகாகோவிலிருந்து ஆட்கள் காரோட்டி வந்ததும், கடைசியில் அது வெறும் ஹேரி மரங்கொத்தியின் குஞ்சாகப் போனதும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஊரே எனக்கு நினைவூட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தீர்ப்பு எதுவானாலும் ஒரு வரி போதும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஐலி ஹேக்கலா


ப்ரெஸ்காட், அரிசோனா
ஜனவரி 12

ஐலிக்கு,

உன்னை 'நீங்கள்' என்று கூப்பிட எனக்கு வராது. நீ வேண்டுமானால் கூப்பிட்டுக்கொள்.

ஒரு வரி போதும் என்றாய். இதோ உன் ஒரு வரி: அது சாதாரண மஞ்சள்வயிற்றுச் சாறுறிஞ்சியின் குஞ்சு. அந்தக் குஞ்சுகள் பழுப்பாகத்தான் இருக்கும், வசந்தம் வரைக்கும் அந்த அழுக்குச் சட்டையைக் கழற்றாது. எங்கோ வழிதவறித் தங்கிவிட்டது. டிசம்பரில் அதுவே அபூர்வம்தான், க்ளேட்டன் அதைக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் ஐலி, நீ மறுபடியும் ஒரு குழந்தையிடம் ஏமாந்திருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே கோபத்தில்தான் இருக்கிறாய், அதனால் எனக்குப் புதிதாக நஷ்டம் இல்லை.

இங்கே தினமும் வெயில். தினமும் என்றால் தினமும். காலையில் எழுந்து திரையை விலக்கினால் அதே நீல வானம். ஜானிஸ் என்னை ஒரு முட்டைபோலப் பொத்தி வைத்திருக்கிறாள். கைத்தடி இரண்டையும் ஊன்றிக்கொண்டு தபால் பெட்டி வரை போவதுதான் என் உலகம். உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அங்கேயே நின்று படித்தேன். ஜானிஸ் வாசலிலிருந்து கத்தினாள், "அம்மா, விழுந்து தொலைக்கப் போற, உள்ள வா."

ஒன்றே ஒன்று. உன் தாளை இரண்டாம் முறை படித்தபோது ஒரு இடத்தில் இடறியது. தலை முழுவதும் ஒரே பழுப்பு, கோடு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது உட்கார்ந்திருக்கும்போது மடக்கிய இறக்கையைப் பார். நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதா, இல்லையா? எதற்கு என்று கேட்காதே. புத்தகத்தைத் திறக்காதே. பார்த்துவிட்டு எழுது.

வின்னி


ஸ்டர்ஜன் பாயின்ட்
ஜனவரி 20

திருமதி ட்ரெம்பத்,

குழந்தையிடம் ஏமாந்தேனா? உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். ஆர்வோதான் தடுத்தார். "கடைசிப் பத்தியப் படிச்சிட்டு அப்பறம் போடு. அவ கேள்வி கேட்டிருக்கா. வின்னி காரணமில்லாம கேள்வி கேக்க மாட்டா." உங்கள் கட்சியில் என் வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோடு இல்லை.

ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அது வரும்போதெல்லாம் பார்த்தேன். இடப்பக்கமும் பார்த்தேன், வலப்பக்கமும் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன், மேகமாக இருந்தபோதும் பார்த்தேன். வெள்ளைக் கோடு எங்கும் இல்லை. முதுகிலும் இறக்கையிலும் குறுக்குக் குறுக்காகக் கருப்பும் வெளிர்பழுப்பும், நம் வீட்டுக் கந்தல் விரிப்பில் நெய்திருப்பது போல நெருக்கமாக. தலை நான் சுடும் நிசு இனிப்பு ரொட்டியின் மேல்தோல் நிறம். நெஞ்சில் கருப்பாக ஒரு திட்டு. அதற்குக் கீழே வயிறு மஞ்சள். பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது தைரியசாலி. பெண் ஹேரி ஒன்று அதன் ஓட்டைகளில் ஊறும் சாற்றைத் திருட வந்தது. நம்முடையது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தி அடித்தது. கொண்டை மரங்கொத்தி வந்தால் மட்டும் மரத்தின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் இருக்கும். காக்கை அளவு இருப்பவனிடம் யார்தான் மோதுவார்கள்.

ஆர்வோ கோடாரியைக் கொட்டகையில் பூட்டிவிட்டார். பனி தள்ளும் வண்டியைக்கூட அந்தப் பக்கம் எடுப்பதில்லை. முப்பது வருடம் திட்டிய மரத்துக்கு இப்போது காவல்.

இப்போது சொல்லுங்கள், அது என்ன?

ஐலி ஹேக்கலா


ப்ரெஸ்காட்
ஜனவரி 26

ஐலி, ஐலி,

உட்கார். உட்கார்ந்துவிட்டாயா?

உன் கடிதம் வந்த மறுநாள் ஜானிஸைப் பிடித்து மலைமேல் பைன் காட்டுக்கு என்னை வண்டியில் ஏற்றிப்போகச் சொன்னேன். "மருத்துவர் என்ன சொன்னாரு? ஒனக்குக் காது கேக்குதா இல்லையா?" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். கைத்தடியை ஊன்றி, பாறையில் சாய்ந்து, விரல் மரத்துப்போகும் வரை நின்றேன். வந்தது. பழுப்புத் தலை. கந்தல் விரிப்பு முதுகு. மஞ்சள் வயிறு. இறக்கையில் கோடு இல்லை. அந்த இடத்திலேயே உன் பேரைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். ஜானிஸ் இதுவரை அதை என் வாயிலிருந்து கேட்டதில்லை.

அது வில்லியம்சன் சாறுறிஞ்சி. பெண். இந்த மேற்கு மலைக்காடுகளில் இருப்பது. மற்ற எல்லாச் சாறுறிஞ்சிக்கும், குஞ்சானாலும் கிழமானாலும், இறக்கையில் வெள்ளைக் கோடு உண்டு. இவளுக்கு மட்டும் இல்லை. ஆண் கன்னங்கரேல் என்று வேறு மாதிரி இருப்பான். அந்தக் காலத்தில் படித்தவர்களே ஆணையும் பெண்ணையும் இரண்டு தனி இனம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவளைக் குஞ்சு என்று நானும் தள்ளிவிட்டேன். ஏமாந்தது நீ இல்லை, நான்.

நம் பக்கத்தில் யாரும் இவளைப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பாதிக் கண்டத்தைத் தாண்டி உன் கொல்லைக்கு வந்திருக்கிறாள். இதைச் சொல்லத்தான் நேற்று இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆர்வோ எடுத்தார். "இருக்கா. ஆனா வரமாட்டேங்கறா. எழுதச் சொல்றா" என்றார். பிடிவாதத்துக்கு உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். இவ்வளவு பெரிய பதிவை ஒரு ஆளின் வார்த்தையை வைத்துக் குழு ஏற்காது. படம் வேண்டும். அல்லது வேறு கண்கள் வேண்டும். கேமராவை எடு. க்ளேட்டனையும் கூப்பிடு.

வின்னி


ஸ்டர்ஜன் பாயின்ட்
பிப்ரவரி 5

வின்னி,

படச்சுருள் கழுவி வந்தது. மரக்கிளை, பனி, ஆர்வோவின் தொப்பி, மறுபடியும் மரக்கிளை. ஒரே ஒரு படத்தில் மரத்தில் பழுப்பாக ஒரு கறை. அதைப் பறவை என்று நான் சொல்லலாம், உருளைக்கிழங்கு என்று க்ளேட்டன் சொல்லலாம்.

அவரைக் கூப்பிட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் கடுங்குளிர். ஜன்னல் உள்பக்கமே உறைந்துவிட்டது. அவளைக் காணவில்லை. மறுநாளும் காணவில்லை. செத்துவிட்டாள் என்று நினைத்து நான் அழுதேன். பறவைக்காக மட்டும் அழவில்லை. க்ளேட்டனும் மற்றவர்களும் என் சமையலறையில் நிற்க, மரம் காலியாக இருக்க, எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்ப்பதை நினைத்து அழுதேன். மூன்றாம் நாள் காலையில் கொழுப்புக் கூண்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆர்வோ போய்க் கூண்டை இரண்டு மடங்கு நிரப்பினார்.

இவ்வளவு வந்துவிட்டது, மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த மஞ்சள் தொப்பி விஷயத்தில் நான் தப்பாகச் சொன்னேன் என்பதற்காக உன்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. தப்பு யாருக்கும் வரும். ஆனால் நீ எனக்குத் தெரிவித்த விதம் இருக்கிறதே. தேவாலயக் கீழ்த்தளத்தில் சங்க விருந்து. நான் புளூபெர்ரி பை வெட்டிக்கொண்டிருக்கிறேன். நீ எழுந்து குழுவின் முடிவைப் படிக்கிறாய், 'ஹேரி மரங்கொத்தியின் இளம்பறவை' என்று. எல்லாரும் சிரிக்கிறார்கள். கத்தி என் கையில். பை பாதியில். விருந்துக்கு முன்பு அன்று முழுவதும் நீ பக்கத்து வீட்டில்தானே இருந்தாய். வேலியைத் தாண்டி வந்து, "ஐலி, இது குஞ்சுடி" என்று தனியாக ஒரு வார்த்தை சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகு நான் எந்த விருந்துக்கும் போகவில்லை. இப்போது என் மரத்தில் இந்தப் பறவை இருக்கிறது. அதைப் பார்த்தேன் என்று என் பேர் எழுதப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் மறுபடி ஒரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது.

ஐலி


ப்ரெஸ்காட்
பிப்ரவரி 11

ஐலி,

வேலியைத் தாண்டி வந்திருக்கலாம். வரவில்லை. நீ பேச ஆரம்பித்தால் என் வாய் எழாது என்று தெரியும், அதனால் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. ஜானிஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உன்னால் எனக்குப் பழக்கமான நிலைமைதான். ஆர்வோவை விமான நிலையத்துக்கு அனுப்பு. வீட்டு வாசலில் பனிமேல் அடுப்புச் சாம்பலைக் கெட்டியாகக் கொட்டச் சொல். வழுக்கினால் இரண்டாவது இடுப்பும் போய்விடும்.

சனிக்கிழமை காலை சங்கத்தில் எல்லாரையும் உன் வீட்டுக்குக் காப்பி குடிக்க வரச் சொல்லியிருக்கிறேன். நான் ஊருக்கு வருகிறேன், பார்க்க வாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயும் சொல்லாதே. அவள் வந்தால் வந்தாள். வராவிட்டால் அது வெறும் காப்பி. உன்னை யாரும் எதற்காகவும் பார்க்கப் போவதில்லை.

நிசு ரொட்டி நிறையச் சுடு.

வின்னி


ப்ரெஸ்காட்
மார்ச் 2

அன்புள்ள ஐலி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மருத்துவர் கத்தினார். ஜானிஸ் அவருக்கு ஒத்து ஊதினாள். உன் ரொட்டி ஒன்றைப் பையில் கொண்டுவந்ததால் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள்.

உன் வீட்டில் இருந்தபோது அதைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை. இப்போது எழுதுகிறேன், உனக்கு எல்லாம் தெரியும் என்றாலும். என் நாற்காலியிலிருந்து தெரிந்தது உனக்குத் தெரியாது.

அடுப்புப் பக்கத்தில் கைத்தடியோடு நான் பள்ளிக்கூட வாத்தியார்போல உட்கார்ந்திருக்க, வாசலெல்லாம் ஈர பூட்ஸ். பறவைப் புத்தகங்களை எல்லாம் பிடுங்கிக் குளிர்பெட்டி மேல் அடுக்கினேன். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். "வாயத் தொறக்காம பாக்கணும். பாத்தத எழுதணும். அப்பறம்தான் பேச்சு." ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. காப்பிக் கெட்டில் இரண்டு முறை காலியானது. மரம் காலியாகவே இருந்தது. நீ ஜன்னல் பக்கமே திரும்பாமல் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாய், யாரும் கேட்காத ரொட்டியை. "ஐலி, காப்பி பிரமாதம். ஆனா எதப் பாக்கணும்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்," என்றான் க்ளேட்டன்.

அப்போது வந்தாள். நேராகப் பைன் மரத்துக்கு, தன் வீடுபோல.

சமையலறையில் பென்சில் சத்தம் மட்டும்தான். நம் சங்கத்து ஜாய்ஸ் தன் நீளக் கேமராவைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் கிளிக் கிளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தாள். முதலில் எழுதி முடித்தவன் க்ளேட்டன். தாளை மடிக்காமல் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். உன்னைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். நீ அதைப் படித்தாய். நான் உன் முகத்தைப் படித்தேன். 'மஞ்சள்வயிற்றுச் சாறுறிஞ்சி, குஞ்சு.' நான் செய்த அதே தப்பு.

ஐலி, அந்த நிமிஷம் அவன் உன் கையில் இருந்தான். என் நாற்காலிக்கு அந்தத் தாள் வந்திருந்தால் நான் எல்லாவற்றையும் சேர்த்து உரக்கப் படித்திருப்பேன். அவனைப் பார்த்து அறையே சிரித்திருக்கும். ஐந்து வருடக் கடனை நீ வட்டியோடு வாங்கியிருக்கலாம். நீ அவன் முழங்கையைப் பிடித்துப் பின்கதவுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கதவு சரியாகச் சாத்தவில்லை, எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"க்ளேட்டன், குடுக்கறதுக்கு முன்னாடி அந்த இறக்கைய இன்னொரு தடவ பாரேன்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. வெள்ளக் கோடு இருக்கா பாரு."

தாழ்வாரத்துப் பலகை கிரீச்சிட்டது, மரத்தைப் பார்க்கத் திரும்பியிருப்பான். பிறகு அவன் குரல், இறங்கிப்போய். "இல்லையே. ஐலி, கோடே இல்லையே. அப்ப இது..."

"அந்தத் தாள எங்கிட்ட குடு. உள்ள போய் வேற எழுது."

திரும்பி வந்து அடுப்பு மூடியைத் திறந்து அதைப் போட்டாய். என்னைப் பார்க்கவே இல்லை. நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என்னிடம் கைக்குட்டை இல்லை.

குழு விதிப்படி சாட்சிக்கு இப்படித் துப்புக் கொடுப்பது தவறு. அதனால் அவனுடைய இரண்டாவது தாளைக் குழுவுக்கு அனுப்பியவற்றோடு சேர்க்காமல் விட்டுவிட்டேன். மற்றவர்கள் தாள்களும் ஜாய்ஸின் படங்களும் போதும், தாராளமாகப் போதும். உன்னுடைய முதல் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அனுப்பியிருக்கிறேன். அதில் எல்லாமே இருந்தது. படிக்கத் தெரியாதவள் நான்தான்.

வின்னி


ஸ்டர்ஜன் பாயின்ட்
ஏப்ரல் 19

அன்புள்ள வின்னி,

குழு ஏற்றுக்கொண்டது. ஒருவர்கூட எதிர்க்கவில்லையாம். தாளில் என் பேர் இருக்கிறது. ஆர்வோ அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறேன் என்கிறார். கழிப்பறையில் மாட்டினால் விவாகரத்து என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று விருந்துக்குப் போனேன். புளூபெர்ரி பை சுட்டேன், வேண்டுமென்றேதான். அதே மேஜை, அதே கத்தி. க்ளேட்டன் எழுந்து குழுவின் கடிதத்தைப் படித்தார். நான் தலை குனிந்து பை வெட்டிக்கொண்டிருந்தேன், முதுகெல்லாம் வியர்வை. படித்து முடித்துவிட்டு உட்காருவார் என்று பார்த்தால் உட்காரவில்லை. "இன்னொண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் முதல்ல என்ன எழுதினேன்னு தெரியுமா? குஞ்சுன்னு எழுதினேன். ஐலி அதப் படிச்சா. படிச்சிட்டு என்னைத் தனியா கூப்பிட்டு, மறுபடி பாருன்னு சொன்னா. அந்தத் தாள் இப்ப அவ அடுப்புல சாம்பல். நானா இருந்தா இந்த எடத்துல நின்னு படிச்சிருப்பேன்."

முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும். எழுந்து நின்று தட்டினார்கள், வின்னி. கையில் கத்தியோடு நானும் நின்றேன். இந்தத் தடவை கத்தியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பை ஒரு துண்டு மிஞ்சவில்லை.

நம்மவள் போய்விட்டாள். பனி உருகத் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை வரவில்லை, அவ்வளவுதான். மேற்கே போயிருப்பாள். உன் மலைப்பக்கம் ஒரு பழுப்புத் தலை தென்பட்டால் ஆர்வோ கேட்டதாகச் சொல். அவர் கோடாரியைப் பக்கத்து ஊர் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை நம் ஊர்ச் சாறுறிஞ்சி திரும்பி வந்துவிட்டது. ஆண், சிவந்த கழுத்து, இறக்கையில் வெள்ளைக் கோடு. உன் காலி வீட்டுத் தகரப் புகைக்கூண்டில் உட்கார்ந்து, பெண்ணைக் கூப்பிட்டுத் தட்டித் தட்டி ஊரை எழுப்பிக்கொண்டிருக்கிறது. புத்தகத்தைத் திறக்கவில்லை, எழுதியும் வைக்கவில்லை. வேலியைத் தாண்டிப் போய் உன் வாசற்படியில் நின்று பார்த்தேன். பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிடு. நானே எடுக்கிறேன்.

உன்
ஐலி